பல்பு எரிகிறது, அலர்ட் நிற்கவில்லை: டிரெய்லர் பிரேக் லைட் வேலையை எப்படிச் சரிபார்ப்பது?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துறைமுகத்திலிருந்து மதுரை, திருப்பூர் பக்கம் கன்டெய்னர் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் வண்டிப் பராமரிப்பைக் கவனித்துக்கொள்பவர். அடையாளங்களைத் தவிர்த்து அவர் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

"எங்களிடம் 26 டிரெய்லர்கள். அதில் 14க்கு விளக்குகளைக் கண்காணிக்கும் சென்சார் பொருத்தியிருக்கிறோம். பிரேக் லைட்டில் கோளாறு வந்தால் என் போனுக்கும் டிரைவர் போனுக்கும் அலர்ட் வரும். அதைச் சரிசெய்ய வெளி ஒப்பந்ததாரர் ஒருவருக்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறோம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 63 அலர்ட். எல்லாவற்றையும் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடியிருக்கிறார்கள். 31 தடவை பல்பு மாற்றம், 19 தடவை சென்சார் ரீசெட், 9 தடவை கனெக்டர் சுத்தம், 4 தடவை கோளாறு இல்லை. ஆனால் அதே டிரெய்லர்களில் அலர்ட் திரும்பத் திரும்ப வருகிறது. 63இல் 27 மூன்றே டிரெய்லர்களிலிருந்து வந்தவை. டிரைவர்களைக் கேட்டால் 'ஷெட்டில் நின்னு பார்த்தா எரியத்தான் செய்யுது' என்கிறார்கள். ஒப்பந்ததாரர் அண்ணாச்சி சென்சாரைக் குறை சொல்கிறார். சென்சார் கம்பெனி வயரிங்கைக் குறை சொல்கிறது. டிசம்பரில் ஒரு சுங்கச்சாவடி வரிசையில் எங்கள் டிரெய்லர் ஒன்றின் பின்னால் வேன் வந்து இடித்தது. யாருக்கும் காயமில்லை. அதிலிருந்து முதலாளி மூன்று முடிவு சொல்கிறார்: நவம்பர், டிசம்பர் பில்லை நிறுத்து, அலர்ட்டை அணைத்து வை, எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்று. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. எலக்ட்ரிக்கல் வேலை எனக்கு அவ்வளவு பிடிபடாது. இவர்கள் வேலை செய்தார்களா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?"

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. 14 டிரெய்லர், ஆளுக்கு இரண்டு பிரேக் லைட் என்றால் மொத்தம் 28 விளக்குகள். நான்கு மாதத்தில் 31 பல்பு மாற்றியிருக்கிறார்கள். அதாவது கணக்குப்படி ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தடவைக்கு மேல். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரியும் பல்பு இழை (உள்ளே ஒளிரும் மெல்லிய கம்பி) இந்த வேகத்தில் போகாது. ஒன்று, பல்பைக் கொல்லும் காரணம் வேறு ஏதோ இருக்கிறது. அல்லது போகாத பல்பை மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் மூலக் கோளாறு அப்படியே இருக்கிறது. அதனால் சென்சார் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். உங்கள் அலர்ட்டுகளில் பெரும்பகுதி உண்மையானவை என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்ததாரர் ஏமாற்றினார் என்ற முடிவுக்கும் போக வேண்டாம். லோடு ஏற்றி கேட்டில் நிற்கும் வண்டியை அரை மணி நேரத்தில் பார்த்துவிடு என்றால், எந்த எலக்ட்ரீஷியனும் பல்பை மாற்றிவிட்டுத்தான் போவார். வயரிங் வேலை உங்கள் ஒப்பந்தத்தில் உண்டா, இல்லை பல்பும் கனெக்டரும் மட்டுமா என்று முதலில் எடுத்துப் பாருங்கள்.

'ஷெட்டில் எரிகிறது' என்பது ஏன் சான்றாகாது

உங்கள் சென்சார் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. டிரெய்லரின் முன்பக்கம், இழுக்கும் வண்டியிலிருந்து மின்சாரம் வரும் 7 பின் சாக்கெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிரேக் லைட் வயரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்க்கும் வகைதான் பெரும்பாலும் பொருத்தப்படுகிறது. 24 வோல்ட் வண்டியில் 21 வாட் இழை ஒன்று ஏறக்குறைய 0.9 ஆம்பியர் எடுக்கும். இன்ஜின் ஓடி மின்னழுத்தம் 28 வோல்ட்டுக்கு ஏறினால் ஒன்று பக்கம் வரும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 1.8 முதல் 2.1 ஆம்பியர். ஒன்று போனால் இது பாதியாகும். அப்போது அலர்ட் வரும்.

பல்பு போகாமலே இந்தக் கரண்ட் குறையும். தூத்துக்குடிக் காற்றில் உப்பு உண்டு, உங்கள் வண்டிகள் உப்பளச் சாலைகளிலும் ஓடுகின்றன. 7 பின் பிளக்கைத் திறந்து பாருங்கள். 4ஆம் பின்னில் சிவப்பு வயர், அது பிரேக் லைட். 1ஆம் பின்னில் வெள்ளை, அது எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி. வயர் நுழையும் இடத்தில் பச்சைத் தூள் படிந்திருந்தால் செம்பு அரித்துக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி வயரை இழுத்தால், இருபது முப்பது செம்பு இழைகளில் நாலைந்து மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நின்றபடி சோதித்தால் அந்த நாலைந்து இழையே விளக்கை எரிய வைத்துவிடும். ஓட்டத்தில் குலுங்கும்போது விட்டுவிட்டுப் போகும்.

இன்னொரு சங்கதியைப் பலரும் கவனிப்பதில்லை. எர்த் வயர் முழுவதும் அறுந்துபோன டிரெய்லரில்கூட விளக்கு எரியும். கரண்ட் டிரெய்லரின் அடியில் உள்ள கிங்பின் (இணைப்பு முளை) வழியாக, அது பூட்டிக்கொள்ளும் ஐந்தாம் சக்கரத் தட்டு வழியாக ஹார்ஸின், அதாவது இழுக்கும் வண்டியின், சேஸிஸுக்குத் திரும்பிப் போகும். அந்தத் தட்டு முழுக்கக் கிரீஸ். நிற்கும்போது இரும்பு இரும்பைத் தொடுகிறது, விளக்கு எரிகிறது. சாலையில் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தொடர்பு விட்டுப்போகிறது, அலர்ட் வருகிறது. டிரைவர் சொல்வதும் உண்மை, சென்சார் சொல்வதும் உண்மை.

இதைக் கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம். டிரெய்லரை அதன் முன்பக்கத் தாங்குகால்களில் (லேண்டிங் லெக்) நிறுத்தி, கிங்பின் பூட்டை விடுவித்து, ஹார்ஸை ஒன்றிரண்டு அடி மட்டும் முன்னே எடுங்கள். தட்டு கிங்பின்னையும் டிரெய்லரின் அடிப்பலகையையும் எங்கும் தொடக்கூடாது. தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சற்று முன்னே எடுங்கள். ஹார்ஸிலிருந்து டிரெய்லருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஸ்பைரல் கேபிளும் பிரேக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸும் மாட்டியபடியே இருக்கட்டும், அவை இறுகாத அளவுக்குத்தான் நகர வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு அணைந்தாலோ மங்கினாலோ வெள்ளை வயர் போய்விட்டது என்று பொருள். அந்த மூன்று டிரெய்லர்களிலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

எர்த் கெட்டதற்கு இன்னொரு அறிகுறியும் உண்டு. பார்க்கிங் லைட், இண்டிகேட்டர், பிரேக் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இண்டிகேட்டர் துடிக்கும்போதெல்லாம் பிரேக் லைட்டும் கூடவே மங்கித் தெளிந்தால் எர்த்தில்தான் கோளாறு. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பார்க்கிங்குக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று இரண்டு இழை உள்ள இரட்டை இழை பல்பின் இன்னொரு இழை வழியாக வேறு சுற்றுக்குள் புகுந்துவிடுகிறது. பிரேக் லைட்டைத் தனியாக மட்டும் சோதித்தால் இது தெரியாது. சரிசெய்துவிட்டதாகச் சொல்பவர் எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

63 வேலைச் சீட்டையும் வேறு விதமாக அடுக்குங்கள்

மீட்டரைக் கையில் எடுக்கும் முன் ஒரு நாள் காகித வேலை இருக்கிறது. ஒவ்வொரு அலர்ட்டுக்கும் டிரெய்லர் எண், அன்று இழுத்த ஹார்ஸ் எண், தேதி, நேரம், இடம், மழை உண்டா இல்லையா, என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

டிரெய்லர் மாறினாலும் ஒரே ஹார்ஸ் இழுக்கும்போதெல்லாம் அலர்ட் வருகிறதா? அப்படியானால் கோளாறு ஹார்ஸின் சாக்கெட்டிலோ ஸ்பைரல் கேபிளிலோ இருக்கிறது. டிரெய்லரில் எத்தனை பல்பு மாற்றினாலும் நிற்காது. வளைவுகளிலும் துறைமுகத் திருப்பங்களிலும் மட்டும் வருகிறதா? ஸ்பைரல் கேபிளுக்குள் இழை அறுந்திருக்கும். வண்டியை மடக்கி நிறுத்தி, கேபிளை ஆட்டிப் பார்த்தால் பிடிபடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை நாளில் வந்து வெயில் நாளில் மறைகிற அலர்ட்டுகள் விளக்குப் பெட்டியின் ரப்பரையும் ஜாயின்ட்களையும் காட்டுகின்றன. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரம் வயரின் உறைக்குள்ளேயே பல அங்குலம் ஊர்ந்து போகும். ஊசி முனை டெஸ்ட் லேம்பால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கமும் இதைத்தான் செய்கிறது. குத்திய ஒவ்வோர் ஓட்டையும் சில மாதத்தில் ஓர் அரிப்புப் புள்ளி.

அலர்ட் மறைந்ததைச் சரியானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரேக் மிதித்தால்தான் சென்சார் அந்த வயரை அளக்க முடியும். நான்கு நாள் ஷெட்டில் நின்ற டிரெய்லரில் அலர்ட் வராதது இயல்பு. பழுது பார்த்தபின் எத்தனை தடவை பிரேக் மிதிக்கப்பட்டது, அதில் எத்தனை தடவை கரண்ட் சரியாக இருந்தது என்ற கணக்கைச் சென்சார் கம்பெனியிடம் கேளுங்கள். குறைந்தது ஒரு மதுரை போய்வரும் ஓட்டமாவது சுத்தமாகக் கழிய வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஹார்ஸில் உள்ள பிரேக் லைட் சுவிட்ச், அதாவது பிரேக் காற்றழுத்தத்தில் மூடிக்கொள்ளும் அந்தச் சின்ன சுவிட்ச், கெட்டுவிட்டால் 4ஆம் பின்னுக்கு மின்சாரமே வராது. பிரேக் மிதிக்கவே இல்லை என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். இரண்டு விளக்கும் இருண்டிருக்கும், அலர்ட்டும் வராது. ஆகவே 14இல் அலர்ட்டே வராத நல்ல பிள்ளைகளையும் பாருங்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓடிய நாளில் பிரேக் பதிவு பூஜ்யமாக இருந்தால், அன்று எந்த ஹார்ஸ் இழுத்ததோ அதன் சுவிட்சைச் சோதிக்க வேண்டும்.

அந்த 19 ரீசெட்

இந்த வகைச் சென்சார்கள் பலவற்றில் கற்பிக்கும் வசதி உண்டு. எல்லா விளக்கையும் சரியாக எரியவிட்டு, இதுதான் சரியான அளவு என்று அதற்குக் காட்டுவார்கள். பிறகு அதிலிருந்து குறைந்தால் அலர்ட். ஒரு விளக்கு எரியாத நிலையில் ரீசெட் செய்து மறுபடி கற்பித்தால், 1 ஆம்பியரையே சரி என்று அது கற்றுக்கொள்ளும். அலர்ட் நின்றுவிடும், சீட்டு மூடப்படும். இரண்டாவது விளக்கும் போகும் வரை யாருக்கும் தெரியாது.

சென்சார் கம்பெனியிடம் 14 டிரெய்லருக்கும் இப்போது பதிவாகியிருக்கும் கற்ற அளவையும், அது மாற்றப்பட்ட தேதி, நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். இழை பல்பு விளக்குகள் இரண்டு உள்ள டிரெய்லரில் 2 ஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டிய எண் 1 ஆம்பியரை ஒட்டி இருந்தால் அந்த ரீசெட் தவறு. ஓர் எச்சரிக்கை: சில டிரெய்லர்களில் ஏ.பி.எஸ். பெட்டி (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் கருவி) பிரேக் லைட் வயரிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். அங்கே எண் கூடுதலாக இருக்கும். அந்த வண்டிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அலர்ட் வரும் எல்லையைத் தளர்த்தியிருக்கிறார்களா என்பதும் அதே பதிவில் தெரிந்துவிடும். இனிமேல் ரீசெட் செய்யும் அனுமதி உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

நீங்களே அளக்க வேண்டியவை

டி.சி. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, இரு முனையிலும் கிளிப் வைத்த 15 மீட்டர் வயர் ஒன்று. கடையில் கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டி.சி. ஆம்பியர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஏ.சி. மட்டும் அளக்கும் மீட்டர் வண்டியில் பூஜ்யம்தான் காட்டும்.

இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள் வந்து சேரும் டிரெய்லர் முன்பக்க ஜங்ஷன் பெட்டியைத் திறந்து, சிவப்பு வயரை மட்டும் கிளாம்புக்குள் விடுங்கள். மொத்தக் கேபிளையும் சேர்த்துப் பிடித்தால் போகும் கரண்ட்டும் வரும் கரண்ட்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். மீட்டரைப் பூஜ்யமாக்கிய பிறகு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி எண்ணைக் குறியுங்கள். மிதித்தபடியே இன்னொருவர் கேபிளை ஆட்டட்டும். எண் துள்ளினால் எங்கோ விட்டுப்போகிறது.

அடுத்து மின்னழுத்த இழப்பு. எல்லா விளக்கும் எரியும்போது பேட்டரியில் எவ்வளவு, பின்பக்க பல்பு ஹோல்டரில் எவ்வளவு என்று அளந்து கழியுங்கள். பேட்டரியில் 28 இருந்தால் ஹோல்டரில் 25க்குக் கீழே போகக்கூடாது. நல்ல நிலையில் உள்ள 40 அடி டிரெய்லரில் இழப்பு ஒன்று, ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். 20 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே. பகல் வெயிலில் பின்னால் வருபவருக்கு அந்த விளக்கு எரிவதே தெரியாது.

இழப்பு எந்தப் பக்கம் என்று பிரிக்க அந்த நீள வயர் உதவும். ஹார்ஸ் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வயரை இழுத்து வந்து மல்டிமீட்டரின் ஒரு முனையில் மாட்டுங்கள். மறு முனையை ஹோல்டரின் உடம்பில் வையுங்கள். எல்லா விளக்கும் எரியும்போது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வேலை பாக்கி இருக்கிறது. விளக்கு எரியாமல் இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். கரண்ட் ஓடினால்தான் இழப்பு தெரியும்.

ஒப்பந்ததாரர் இனி ஒவ்வொரு சீட்டிலும் எழுத வேண்டியவை இவைதான்: வேலைக்கு முன்னும் பின்னும் ஆம்பியர், வேலைக்கு முன்னும் பின்னும் ஹோல்டரில் வோல்ட், திறந்த கனெக்டரின் ஒரு படம், இழுத்த ஹார்ஸின் எண். நான்கும் இல்லாத சீட்டை நீங்கள் மூட வேண்டாம்.

பழைய பல்பைக் கேளுங்கள்

மாற்றிய பல்பு ஒவ்வொன்றையும் டிரெய்லர் எண் எழுதிய கவரில் போட்டு வாங்குங்கள். உள்ளே வெள்ளைப் பூச்சாகப் புகை படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி கறுத்திருந்தால் ஆயுள் முடிந்தது. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால் பெரும்பாலும் அதிர்வு. ஹோல்டர் ஸ்பிரிங் தளர்ந்ததா, விளக்குப் பெட்டியின் போல்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். இழை முழுசாக இருந்தால், அந்த பல்பு போகவே இல்லை. 31இல் அப்படி எத்தனை என்பது அவர்கள் கோளாறைத் தேடினார்களா என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

இரட்டை இழை பல்பின் இரண்டு காதுகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், தலைகீழாக மாட்டக்கூடாது என்பதற்காக. தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருப்பினால் அதுவும் உட்கார்ந்துவிடும். அப்போது 5 வாட் இழை பிரேக்குக்கும் 21 வாட் இழை பார்க்கிங்குக்கும் மாறிப்போகும். பிரேக் அலர்ட் தொடர்வதற்கு இது ஒன்றே போதும்.

எல்.இ.டி.யைப் பற்றி

எல்.இ.டி. நல்ல யோசனைதான், ஆனால் இப்போது அவசரம் வேண்டாம். எல்.இ.டி. பிரேக் லைட் ஒன்று 0.1, 0.2 ஆம்பியர்தான் எடுக்கும். இழை பல்பின் அளவைக் கற்ற சென்சார் அதைப் பார்த்தால், இரண்டும் போய்விட்டது என்று நாள் முழுக்க அலர்ட் அனுப்பும். ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் பல்பு என்று கலந்து மாட்டினால் இன்னும் குழப்பம். அலர்ட்டை நிறுத்த ரெசிஸ்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்.இ.டி. செத்தாலும் ரெசிஸ்டரில் கரண்ட் ஓடும். சென்சார் இருந்தும் இல்லாத கதைதான்.

மாற்றுவதென்றால் முதலில் கேபிள், எர்த், ஜங்ஷன் பெட்டி ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு சீல் செய்த, வகை ஒப்புதல் குறி உள்ள 24 வோல்ட் முழு விளக்காக, இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றுங்கள். பழைய ஹோல்டரில் செருகும் எல்.இ.டி. பல்பு வேண்டாம். உங்கள் சென்சாரால் அவ்வளவு சிறிய கரண்ட்டைப் பிரித்தறிய முடியுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரே டிரெய்லரில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

அலர்ட்டை அணைப்பதும் பில்லை நிறுத்துவதும்

முதலாளியிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190ஆம் பிரிவு, கோளாறு உள்ள வண்டியையோ டிரெய்லரையோ ஓட்டுபவரோடு நிற்பதில்லை, ஓட்ட விடுபவரையும் பிடிக்கிறது. அந்தக் கோளாறு அவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமென்று இல்லை, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக் கூடியதாக இருந்தாலும் பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் கோளாறால் விபத்து நேர்ந்து காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உங்கள் போனுக்கு வந்த 63 அலர்ட்டும் தேதி, நேரத்தோடு எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. அணைத்து வைத்தால், தெரிந்தும் அணைத்தார்கள் என்ற பதிவும் கூடவே சேரும். அந்த வேன் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணைப்பதற்குப் பதிலாக இரண்டு விதி போடுங்கள். இரண்டு பிரேக் லைட்டும் போனதாக அலர்ட் வந்தால், பாதுகாப்பான இடத்தில் வண்டி நிற்கும், சரிசெய்யாமல் கிளம்பாது. ஒன்று மட்டும் போனால் அடுத்த நிறுத்தத்தில் டிரைவர் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஹார்ஸிலும் நான்கு பல்பு, ஃபியூஸ், ஒரு மாற்று ஸ்பைரல் கேபிள் இருக்க வேண்டும். முதலாளிக்கு இந்தச் செலவு பெரிதில்லை.

பில் விஷயத்தில் அவசரப்பட்டால் நீங்கள்தான் மாட்டுவீர்கள். ஒப்பந்ததாரர் உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமா என்று பாருங்கள். ஆமென்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். சேவை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. நவம்பர் வேலைகளுக்கு அந்த 15 நாள் ஏற்கெனவே போயிருக்கும்.

அதனால் மொத்தமாக நிறுத்தாதீர்கள். சர்ச்சை இல்லாத மாதக் கட்டணத்தையும், பழைய பல்பு காட்டி நிரூபித்த மாற்றங்களையும் கொடுத்துவிடுங்கள். 30 நாளுக்குள் அதே டிரெய்லரில் அதே சுற்றில் திரும்பிய வேலைகளை மட்டும் சீட்டு எண்ணோடு பட்டியலிட்டு, அளவுகளையும் இணைத்து எழுத்தில் ஆட்சேபியுங்கள். இனி வரும் ஒவ்வொரு பில்லுக்கும் 15 நாள் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று முதலாளி சொன்னால், 26 டிரெய்லர் ஓட்டும் நிறுவனத்துக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையை விலக்கி வைத்திருக்கிறது. உங்களுக்கு வழி ஒப்பந்தமும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தரும் இழப்பீடும்தான். நோட்டீஸ் அனுப்பும் கட்டம் வந்தால் உள்ளூர் வழக்கறிஞரிடம் மேற்சொன்ன பட்டியலோடு போங்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வயரிங், எர்த், ஜங்ஷன் பெட்டியை அதில் சேருங்கள். ஜாயின்ட் என்றால் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் அழுத்தி இறுக்கி), உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய் போட வேண்டும், டேப் கூடாது என்று எழுதுங்கள். டிரெய்லரில் வெல்டிங் செய்யும்போது சென்சார், ஏ.பி.எஸ். இரண்டின் கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேருங்கள். 30 நாளில் திரும்பினால் கூலி இல்லாமல் மறுபடி பார்க்க வேண்டும். பதிலுக்கு உங்கள் பக்கமும் ஒன்று எழுத வேண்டும்: இரண்டாம் தடவை அலர்ட் வந்த டிரெய்லரை, லோடு இல்லாமல், அரை நாள் ஷெட்டில் அவர்களிடம் விடுவோம் என்று. அதைக் கொடுக்காமல் நீங்கள் கேட்கும் எதையும் அவர்களால் செய்ய முடியாது.

27 அலர்ட் தந்த அந்த மூன்று டிரெய்லர்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோடு போடாமல் நிறுத்தி வையுங்கள். ஒப்பந்ததாரர் அண்ணாச்சியையும் சென்சார் கம்பெனி ஆளையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லுங்கள். ஹார்ஸை முன்னே நகர்த்தும் அந்தச் சோதனையை அவர்கள் இருவர் முன்னிலையிலும் முதலில் செய்யுங்கள். பிறகு கிளாம்ப் மீட்டர். எண்களை ஒரே தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள்.